ரெக்கார்டு நோட்டு டென்ஷனா... நைட் டியூட்டி டென்ஷனா?

காலை ஏழரை மணி. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு. ஆலங்குடி வண்டியில இருந்து ஒரு கும்பல் குதிச்சு இறங்குது. இறுக்கிப் போட்ட கொண்டை, பையில மடிச்சு வச்ச வெள்ளை கோட்டு, கையில ரெக்கார்டு நோட்டு. "ஏய், கேர் பிளான் முடிச்சிட்டியாடி?"ன்னு ஒருத்தி கேட்க, இன்னொருத்தி பதிலே சொல்லாம பஸ் ஸ்டாண்டு பெஞ்சில உட்கார்ந்து எழுத ஆரம்பிச்சிடுறா. பக்கத்துல நிக்குற தம்பியும் நர்ஸிங்தான். கிளினிக்கல் போஸ்டிங்குக்கு லேட் ஆகுற கவலை அவன் முகத்துல.

அதே நேரம் ஊருக்குத் திரும்புற வண்டியில ஜன்னல் ஓரமா ஒரு சிஸ்டர். நைட் டியூட்டி முடிஞ்சு போறாங்க. பஸ் கிளம்பறதுக்கு முன்னாடியே தூங்கிட்டாங்க.

இந்தப் பக்கம் இருக்கிற பொண்ணு நினைக்குறா, "படிப்பை முடிச்சு வேலைக்குப் போயிட்டா அப்பாடான்னு இருக்கும்." அந்தப் பக்கம் தூங்குற சிஸ்டரைக் கேட்டா, "அந்த காலேஜ் நாள் திரும்ப வராதா?"ன்னுதான் சொல்வாங்க.

ரெண்டு பேர்ல யார் சொல்றது கரெக்ட்? நீங்க நர்ஸிங் படிக்கிறவரா இருந்தா இந்தக் கேள்வி ஒருநாள் ராத்திரி ஹாஸ்டல் கட்டில்ல உங்களைத் தூங்க விடாம பண்ணியிருக்கும். "படிக்கும்போதே இப்படின்னா, வேலைக்குப் போனா தாங்குவேனா? பேசாம நிறுத்திடலாமா?" இந்த வாரம் அதைத்தான் அலசப் போறோம். வேற படிப்பு படிக்கிறவங்களும் ஓடிடாதீங்க. உங்க வீட்டுலயோ தெருவுலயோ ஒரு நர்ஸிங் ஸ்டூடன்ட் கண்டிப்பா இருப்பாங்க.

நம்ம ஊருக்கு இது புதுசு இல்லை!

வெள்ளை கோட்டு போட்ட பொண்ணுங்க பஸ் ஏறிப் போறது இன்னிக்கு நமக்குச் சாதாரணக் காட்சி. ஆனா ஒரு நூறு வருஷம் பின்னாடி போய்ப் பாருங்க. 1886-ல் புதுக்கோட்டையில பிறந்த முத்துலட்சுமி, மகாராஜா கல்லூரியில படிக்கணும்னு கேட்டப்போ, அது பசங்க மட்டும் படிக்கிற காலேஜ். ஒரு பொண்ணு உள்ளே வந்தா தப்பாயிடும்னு எதிர்ப்பு கிளம்புச்சு. தொண்டைமான் மன்னர் அனுமதி கொடுத்த பிறகுதான் இடம் கிடைச்சது. அங்கேயிருந்து 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1912-ல் டாக்டரா வெளியே வந்தாங்க. அவங்கதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பிரசவ நிதியுதவிக்கு அவங்க பேரைத்தான் தமிழக அரசு வச்சிருக்கு. அந்த நிதிக்காக கர்ப்பிணிகளோட விவரத்தைப் பதிவு பண்றதே கிராம சுகாதார நர்ஸ்களோட தினசரி வேலைகள்ல ஒண்ணு.

இன்னொரு சீன், 1991. ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்போ அறிவொளி இயக்கம் நம்ம மாவட்டத்துப் பெண்களை சைக்கிள் ஓட்ட வச்சது. வயல் வேலை பார்த்தவங்க, கல் உடைச்சவங்க, அங்கன்வாடி டீச்சருங்க எல்லாம் ஏறி மிதிச்சாங்க. அந்தக் கூட்டத்துல கிராம சுகாதார நர்ஸ்களும் இருந்தாங்க. ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் பஸ்ஸை எதிர்பார்த்துக் காத்துக் கிடந்தவங்களுக்கு அந்த சைக்கிள் எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. 2017-ல் புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரியே வந்துடுச்சு. ஆக, கஷ்டம்னா என்னன்னு தெரிஞ்ச ஊர்தான் நம்ம ஊர்.

சரி, இப்ப மேட்டருக்கு வருவோம். வார்டுல ரவுண்ட்ஸ் போற மாதிரி நாமளும் அஞ்சு ரவுண்ட்ஸ் போய்ப் பார்ப்போமா?

ரவுண்ட் 1: பரீட்சை

இதுல ஸ்டூடன்ட்தான் பாவம். சந்தேகமே இல்லை.

ஐ.என்.சி. 2021-ல் கொண்டு வந்த புது சிலபஸ்படி பி.எஸ்சி. நர்ஸிங் நாலு வருஷம், எட்டு செமஸ்டர். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வந்து, முதல் வாரமே அனாட்டமி புத்தகத்தைத் திறந்தா தலை சுத்தும். எலும்பு பேரை மனப்பாடம் பண்றதா, இங்கிலீஷை மனப்பாடம் பண்றதா? போதாததுக்கு கேர் பிளான், கேஸ் பிரசென்டேஷன், டிரக் ஸ்டடி, ப்ரொசீஜர் லாக் புக். தியரி பரீட்சைக்கு வேற ஹால், பிராக்டிகலுக்கு வேற பயம். வைவாவுல எக்ஸ்டர்னல் மேடம் கண்ணாடிக்கு மேல பார்த்தாலே படிச்சது பாதி மறந்துடும்.

இதுல இன்னொரு சங்கதி. மத்த காலேஜ் மாதிரி அட்டெண்டன்ஸ்ல டபாய்க்க முடியாது. பரீட்சை எழுதவே 80 சதவீதம் வேணும். டிகிரி கையில வாங்கணும்னா கிளினிக்கல் நேரத்தை நூத்துக்கு நூறு முடிச்சிருக்கணும். விட்ட நாளை எல்லாம் திரும்ப வந்து நிரப்பணும். ஆர்ட்ஸ் காலேஜ் ஃப்ரெண்டு முதல் ஷோ பார்த்துட்டு போன் பண்ணும்போது, நீங்க பெட் மேக்கிங் டெமோவுல கார்னர் மடிச்சிட்டு இருப்பீங்க.

வேலைக்குப் போனா? மார்க் கிடையாது. அரியர் கிடையாது. டியூட்டி முடிஞ்சு ஹேண்டிங் ஓவர் கொடுத்துட்டு கையெழுத்துப் போட்டா, அதுக்கு மேல வீட்டுல உட்கார்ந்து எழுத எதுவுமில்லை. ஸ்டூடன்டா இருக்கும்போது ராத்திரி பன்னெண்டு மணிக்கும் தலைக்குள்ள பரீட்சை ஓடிக்கிட்டே இருக்கும். இந்த ரவுண்டுல டென்ஷன் கப் ஸ்டூடன்டுக்குத்தான்.

ரவுண்ட் 2: பொறுப்பு

இங்கே ஆட்டம் அப்படியே திரும்புது.

ஒரு உதாரணம் சொல்றேன். பாம்புக்கடி. நம்ம மாவட்டத்துல வயக்காட்டுலயும் முந்திரிக் காட்டுலயும் வேலை பார்க்கிறவங்களுக்கு இது புதுசில்லை. பரீட்சையில, "இருபது நிமிட ரத்த உறைதல் சோதனையை எழுதுக"ன்னு கேட்பாங்க. நீங்களும் "சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில கொஞ்சம் ரத்தம் எடுத்து, இருபது நிமிஷம் ஆட்டாம அசைக்காம வைக்கணும். அப்புறம் சாய்ச்சுப் பார்க்கணும். உறையலைன்னா விஷம் ரத்தத்தைப் பாதிச்சிருக்கு"ன்னு எழுதிடுவீங்க. முழு மார்க்.

அதே சோதனையை ஒரு ராத்திரி கேஷுவால்ட்டியில நினைச்சுப் பாருங்க. கட்டில்ல ஒரு அப்பத்தா. சுத்தி நாலு சொந்தக்காரங்க. "என்ன தாயி, பொழைச்சிருமா?"ன்னு உங்க முகத்தையே பார்க்குறாங்க. குழாயை ஆட்டவும் கூடாது, கடிகாரத்தை விடவும் கூடாது. டாக்டர் விஷமுறிவு மருந்து போடச் சொன்னா, அதை ஏத்தும்போது அலர்ஜி வருதான்னு கண்கொத்திப் பாம்பா பார்க்கணும். அட்ரீனலின் கை எட்டுற தூரத்துல இருக்கணும். கேள்வியும் பதிலும் காலேஜ்ல படிச்சதேதான். ஆனா இங்கே தப்பாப் போனா மார்க் குறையாது, உயிர் போகும்.

ஸ்டூடன்டா இருக்கும்போது உங்களுக்குப் பின்னாடி ஒரு ஸ்டாஃப் நர்ஸ் இருப்பாங்க, ஒரு டியூட்டர் இருப்பாங்க. "மேடம், ஒரு தடவை பார்த்துடுங்களேன்"னு கூப்பிடலாம். வேலைக்கு வந்த முதல் வாரம் நீங்க திரும்பிப் பார்த்தா, உங்களையே "சிஸ்டர், ஒரு தடவை பார்த்துடுங்களேன்"னு ஒரு ஸ்டூடன்ட் கூப்பிட்டுட்டு இருப்பா!

பிரசவ வார்டுலயும் இதே கதைதான். குழந்தை பிறந்த ஒரு நிமிஷத்துக்குள்ள தாய்க்கு ஆக்ஸிடோசின் ஊசி, அப்புறம் கர்ப்பப்பை கெட்டியா சுருங்குதான்னு வயித்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது, துணியில ரத்தம் எவ்வளவு நனைஞ்சிருக்குன்னு கணக்கு வைக்கிறது... இதெல்லாம் பெரும்பாலும் நர்ஸ் கையிலதான் இருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துல ராத்திரி நேரம் சுகப்பிரசவம் பார்க்கிறதும் நர்ஸ்தான். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நம்ம மாவட்டத்தைப் புரட்டிப் போட்டுச்சு. கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னையும் கரண்ட் கம்பமும் ஒண்ணா விழுந்து கிடந்த நாட்கள்லயும் பிரசவ வலி யாருக்காகவும் காத்திருக்கலை. லீவு விடுறதுக்கு இது காலேஜ் இல்லையே!

இந்த ரவுண்ட்... சந்தேகமே இல்லாம வேலை.

ரவுண்ட் 3: உடம்பு

ஸ்டூடன்டுக்கும் கால் வலிக்கும். காலையில வார்டு, மதியம் கிளாஸ். மதிய கிளாஸ்ல கண்ணு சொருகுறதை யார்தான் தடுக்க முடியும்? ஆனா பெரும்பாலும் ராத்திரி தூங்கலாம். ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போய் அம்மா கையால சாப்பிடலாம்.

ஸ்டாஃப் ஆயிட்டா காலை, மதியம், இரவுன்னு ஷிஃப்ட் சுத்தும். பல ஆஸ்பத்திரிகள்ல நைட் டியூட்டி 12 மணி நேரம். பொங்கலா, தீபாவளியா, அக்கா கல்யாணமா... டியூட்டி லிஸ்ட் என்ன சொல்லுதோ அதுதான். ஜனவரியில நம்ம ஊர் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். தச்சங்குறிச்சியில வாடிவாசல் திறந்தா, அதுக்கப்புறம் மாவட்டம் முழுக்க ஜல்லிக்கட்டு. ஊரே மாடு பார்க்கப் போகும்போது நீங்க மாடு முட்டினவருக்குத் தையல் ட்ரே ரெடி பண்ணிட்டு இருப்பீங்க.

இன்னொரு ஆபத்து, ஊசி குத்துறது. ஸ்டூடன்டுக்கும் நடக்கும், ஸ்டாஃபுக்கும் நடக்கும். அவசரத்துல மூடி போடப் போய்க் குத்திக்கிறது ரொம்ப சகஜம். இதுக்கு மட்டும் வெட்கமே படாதீங்க. குத்தின உடனே சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கழுவுங்க, பிதுக்காதீங்க, மேலதிகாரிகிட்ட சொல்லுங்க. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டா முடிஞ்ச அளவு சீக்கிரம் ஆரம்பிக்கணும், 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. 28 நாள் சாப்பிடணும். "மேடம் திட்டுவாங்க"ன்னு மறைச்சு வச்சா அந்த மணி நேரம் உங்களுக்காக நிக்காது. ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசி மூணு டோஸும் முடிச்சாச்சான்னு இன்னிக்கே பார்த்துக்குங்க.

உடம்பு ரவுண்ட்லயும் வேலைக்குத்தான் டென்ஷன் அதிகம்.

ரவுண்ட் 4: காசு

படிக்கும்போது காசு போகும். ஃபீஸ், யூனிஃபார்ம், ஹாஸ்டல், ரெக்கார்டு நோட்டு, போஸ்டிங்குக்கு பஸ் காசு... "நம்மளால வீட்டுக்குக் கடன்"கிற நெனப்பு ஒவ்வொரு செமஸ்டருக்கும் தொண்டையை அடைக்கும். அப்பா பேங்க் லோன் பத்திப் பேசும்போது நீங்க தலை குனிஞ்சு சாப்பிட்ட ராத்திரி ஒண்ணாவது இருக்கும்.

வேலைக்குப் போனா காசு வரும். ஆனா எவ்வளவு வரும்? இதை முன்கூட்டியே தெரிஞ்சுக்கிறது நல்லது. பல தனியார் ஆஸ்பத்திரிகள்ல முதல் சம்பளம் கையில வாங்கும்போது, "இதுக்கா நாலு வருஷம்?"னு தோணும். தனியார் நர்ஸ்களோட நிலைமை பத்தி 2016 ஜனவரியில உச்ச நீதிமன்றம் கவலைப்பட்டு, மத்திய அரசை ஒரு குழு போடச் சொல்லுச்சு. அந்தக் குழு, 50 படுக்கைக்குக் குறைவான சின்ன ஆஸ்பத்திரியா இருந்தாலும் மாசம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல இருந்தா அரசு நர்ஸுக்குச் சமமா கொடுக்கணும்னு சிபாரிசு பண்ணுச்சு. பக்கத்து கேரளாவுல நர்ஸுங்க போராடி, 2018-ல் குறைந்தபட்ச சம்பளத்தை 20,000-க்கு உயர்த்த வச்சாங்க. சிபாரிசு காகிதத்துல இருக்கிறதுக்கும் கையில வர்றதுக்கும் எவ்வளவு தூரம்னு இதுல இருந்தே தெரிஞ்சுக்கலாம்.

அரசு வேலை? அதுதான் நம்ம ஊர் அப்பா அம்மாக்களோட கனவு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-ல் பரீட்சை வச்சு ஆயிரக்கணக்கான நர்ஸ்களை எடுத்துச்சு. பரீட்சை எழுதி பாஸ் பண்ணி வந்தவங்களுக்கு மாசம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். நிரந்தரம் பண்ணச் சொல்லி 2017 நவம்பர்ல சென்னை டி.எம்.எஸ். வளாகத்துல அவங்க உட்கார்ந்தாங்க. மாநிலமே திரும்பிப் பார்த்துச்சு. கொரோனா காலத்துல அவசரமா எடுத்த நர்ஸ்கள்ல இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவங்களுக்கு 2022 டிசம்பர் 31-ஓட ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சு. உயிரைப் பணயம் வச்சு வேலை பார்த்தவங்க புத்தாண்டு அன்னிக்குத் தெருவுல நின்னாங்க.

பயமுறுத்துறதுக்காக இதைச் சொல்லலை. படிப்பு முடிஞ்சா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சுப் போய் அடி வாங்குறதை விட, தெரிஞ்சுகிட்டுப் போறது மேல். நல்ல செய்தியும் இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகத்துல 58 லட்சம் நர்ஸ்கள் பற்றாக்குறை. அதனால அனுபவமும் இங்கிலீஷும் கையில இருக்கிற நர்ஸுக்கு வளைகுடாவுல இருந்து லண்டன் வரைக்கும் கதவு திறந்திருக்கு.

இந்த ரவுண்ட் டிரா. ஸ்டூடன்டுக்குக் கடன் டென்ஷன், ஸ்டாஃபுக்குச் சம்பள டென்ஷன்.

ரவுண்ட் 5: மனுஷங்க

காலேஜ்ல உங்களைப் பயமுறுத்த ஒரு டியூட்டர், ஒரு வார்டன், ஒரு சீனியர் போதும். வார்டுல, அதுவும் மத்தவங்க முன்னாடி, "இதுகூடத் தெரியாதா?"ன்னு கேட்டா பூமி பிளந்து உள்ளே போயிடலாம் போல இருக்கும். ஸ்டூடன்டுக்கு இன்னொரு வலியும் உண்டு. வார்டுல நீங்க யாருக்கும் சொந்தமில்லை. இன்சார்ஜ் சிஸ்டருக்கு நீங்க காலேஜ் பொண்ணு, காலேஜுக்கு நீங்க வார்டு பொறுப்பு. நடுவுல நிக்கிற ஸ்டூலுக்குக்கூட ஒரு இடம் இருக்கும், உங்களுக்கு இருக்காது.

வேலைக்கு வந்தா டியூட்டர் போய் அட்டெண்டருங்க வருவாங்க. "டாக்டர் எப்ப வருவாரு?", "டிரிப்ஸ் தீர்ந்துபோச்சு", "எங்க ஆளை ஏன் இன்னும் பார்க்கலை?" இது எல்லாத்துக்கும் முதல் ஆளா நிக்கிறது நர்ஸ்தான். பெரிய அரசு ஆஸ்பத்திரி வார்டுல மூணு நோயாளிக்கு ஒரு நர்ஸ், ஐ.சி.யு.வுல ஒருத்தருக்கு ஒருத்தர்னு ஐ.என்.சி. விதிமுறை பாடத்துல படிச்சிருப்பீங்க. ராத்திரி வார்டுக்குள்ள போய் கட்டிலை எண்ணிப் பாருங்க, அப்புறம் நர்ஸை எண்ணிப் பாருங்க. ஸ்ட்ரெஸ்ஸோட முக்கால்வாசிக் காரணம் அந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவுல இருக்கு. உங்க திறமைக் குறைச்சல்னு நினைச்சு உள்ளுக்குள்ள அழறதுல பாதி, ஆள் குறைச்சலால வர்றதுதான்.

ஆனா இதே ரவுண்ட்ல வேலைக்கு ஒரு பிளஸ் பாயின்ட் உண்டு. டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு ஆத்தா உங்க கன்னத்தைத் தடவி, "நல்லாயிரு தாயி"ன்னு சொல்லிட்டுப் போகும். அதுக்கு இன்டர்னல் மார்க் கிடையாது. ஆனா அடுத்த ஒரு வாரத்துக்கு அது தாங்கும்.

ஷாக் அடிக்கிறது உங்களுக்கு மட்டும் இல்லை!

இந்த "காலேஜ்ல சொன்னது ஒண்ணு, வார்டுல நடக்கிறது ஒண்ணு" அதிர்ச்சிக்கு ஒரு பேரே இருக்கு. ரியாலிட்டி ஷாக். அமெரிக்காவுல மார்லின் கிராமர்ங்கிற நர்ஸிங் பேராசிரியர் 1974-லயே இதைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினாங்க. புது நர்ஸ் நாலு கட்டம் தாண்டுறாங்கன்னு அவங்க சொல்றாங்க. முதல்ல தேனிலவு: புது யூனிஃபார்ம், முதல் சம்பளம், எல்லாம் சூப்பர். அடுத்து அதிர்ச்சி: "இங்கே எதுவுமே சரியில்லை, நான் தப்பான இடத்துக்கு வந்துட்டேன்." மூணாவது தேறுறது: கொஞ்சம் சிரிக்க முடியும், எது நம்ம கையில இருக்கு, எது இல்லைன்னு புரியும். நாலாவது ஒரு முடிவுக்கு வர்றது.

நிறைய பேர் ரெண்டாவது கட்டத்துலயே நின்னு, "நான் லாயக்கில்லை"ன்னு முடிவு பண்ணிடுறாங்க. அங்கேதான் தப்பு. பாட்ரிசியா பென்னர்னு இன்னொரு நர்ஸிங் அறிஞர் 1984-ல் சொன்னது இதுக்கு மருந்து மாதிரி. கத்துக்குட்டியில இருந்து கைதேர்ந்தவர் வரைக்கும் அஞ்சு படி இருக்கு. அதுல மூணாவது படியான "இவங்களை நம்பி விடலாம்"கிற நிலைமைக்கு வரவே, ஒரே மாதிரி வார்டுல ரெண்டு மூணு வருஷம் ஆகும்னு அவங்க கணக்கு. ஆக, சேர்ந்த ஆறாவது மாசம் கை நடுங்கினா நீங்க ஃபெயில் இல்லை. நீங்க கரெக்டான படியில நிக்கிறீங்க.

அப்ப தீர்ப்பு என்ன?

கூட்டிக் கழிச்சுப் பார்த்தா இப்படித்தான் வருது. காலேஜ் டென்ஷன், "என்னை எப்படி எடை போடுவாங்க?"ங்கிற டென்ஷன். வேலை டென்ஷன், "என் கையில இருக்கிற ஆள் என்ன ஆவாங்க?"ங்கிற டென்ஷன். முதலாவது உங்களைப் பத்தினது. ரெண்டாவது அடுத்தவங்களைப் பத்தினது. எடை அதிகம் ரெண்டாவதுக்குத்தான். ஆனா அதைத் தூக்குற பலமும் உங்களுக்கு அதுக்குள்ள வந்திருக்கும், ஏன்னா நாலு வருஷம் அதைத்தான் பழகியிருப்பீங்க.

அதனால "படிப்பே தாங்கலை, வேலை எப்படித் தாங்கும்?"ங்கிற கணக்கு தப்பு. வைவாவுல திக்கித் திணறுற பொண்ணு வார்டுல ராணி மாதிரி வேலை பார்க்கிறதும் உண்டு. தியரியில கோல்டு மெடல் வாங்கினவங்க முதல் நைட் டியூட்டியில அழறதும் உண்டு. நிறுத்துறதா வேண்டாமான்னு முடிவு பண்ணணும்னா, மார்க் ஷீட்டைப் பார்க்காதீங்க. ஒரே ஒரு கேள்வி கேட்டுக்குங்க: "வார்டுல, யாரும் மார்க் போடாத நேரத்துல, நோயாளி பக்கத்துல நிக்க எனக்குப் பிடிச்சிருக்கா?" பிடிச்சிருக்குன்னா, மத்தது எல்லாம் தாண்டக் கூடியதுதான். ரெண்டு வருஷமா மனசார யோசிச்சும் பிடிக்கலைன்னா, அதை வீட்டுல சொல்றதுல அவமானம் இல்லை. பிடிக்காம நிக்கிற நர்ஸால நோயாளிக்கும் நல்லதில்லை, அவங்களுக்கும் நல்லதில்லை.

இன்னிக்கே செய்யுங்க!

* போஸ்டிங்ல ரெக்கார்டுக்காக மட்டும் வேலை பார்க்காதீங்க. ஒரு நாளைக்கு ஒரு நோயாளிகிட்டயாவது நோட்டை மூடி வச்சுட்டு அஞ்சு நிமிஷம் பேசுங்க.

* சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இந்த அஞ்சையும் பரீட்சைக்காகப் படிக்காம, ஒவ்வொரு ஊசிக்கும் வாய்க்குள்ள சொல்லிப் பழகுங்க. நைட் டியூட்டி மூணு மணிக்கு மூளை தூங்கினாலும் வாய் சொல்லும்.

* சந்தேகம் வந்தா கேட்டுடுங்க. திட்டு ஒரு நிமிஷம், தப்பு ஒரு ஆயுசு.

* முதல் வேலைக்குச் சேரும்போது மூணு விஷயம் கேளுங்க: புதுசா வர்றவங்களுக்கு எத்தனை வாரம் கூட ஒரு சீனியர் இருப்பாங்க? நைட்ல ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி? ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வச்சுக்குவீங்களா, பாண்டு உண்டா? கையெழுத்து அதுக்கப்புறம்தான்.

* கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷனைத் தள்ளிப் போடாதீங்க. அது இல்லாம நீங்க சட்டப்படி நர்ஸே இல்லை.

* நைட் முடிஞ்சு வந்தா ரூமை இருட்டாக்கிட்டு, போனைத் தூக்கி வச்சுட்டு, முதல்ல தூக்கம். ரீல்ஸ் அப்புறம்.

* பேட்ச்ல ரெண்டு பேரையாவது விடாதீங்க. "இன்னிக்கு ஒரு டெத்"னு மட்டும் சொன்னா மீதியைப் புரிஞ்சுக்க, இந்த வேலை பார்க்கிறவங்களால மட்டும்தான் முடியும்.

* தூக்கம் வரலை, சாப்பாடு இறங்கலை, வாழ்றதே வேண்டாம்னு தோணுதுன்னா அது சோம்பேறித்தனமும் இல்லை, பலவீனமும் இல்லை. 14416-க்கு போன் பண்ணுங்க. டெலி மானஸ், இலவசம், எந்த நேரமும், தமிழ்லயே பேசலாம். நோயாளிக்கு நீங்க சொல்ற அட்வைஸை உங்களுக்கும் ஒரு தடவை சொல்லிக்குங்க.

சரி, மறுபடி பஸ் ஸ்டாண்டுக்கு வருவோம். ஆலங்குடி பொண்ணு கேர் பிளானை முடிச்சு மூடிட்டா. வண்டி கிளம்புது, ஜன்னல் ஓரத்து சிஸ்டர் லேசா கண்ணைத் திறந்து அந்த ரெக்கார்டு நோட்டைப் பார்க்கிறாங்க. சிரிச்சுட்டுத் திரும்ப தூங்கிடுறாங்க.

நாளைக்கு அந்த சிரிப்பைப் பார்த்தீங்கன்னா, சும்மா போகாதீங்க. பக்கத்துல போய், "அக்கா, முதல் நைட் டியூட்டி எப்படி இருந்துச்சு?"ன்னு கேளுங்க. எந்தப் புத்தகத்துலயும் இல்லாத ஒரு கிளாஸ், கீரனூர் தாண்டுறதுக்குள்ள ஃப்ரீயா கிடைக்கும்!